கரெக்டா மிஸ்?

சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு இருபத்தெட்டு. குருவின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

சீடர் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு சிறுமலைப்பழமும் வைத்து நீட்டினார்.

“எதுக்கு சார் இதெல்லாம்?”

“குருகிட்ட வெறுங்கையோட வரக் கூடாது மிஸ்.”

குரு தட்டை வாங்குவதற்குள் குழந்தை ஒரு பழத்தைப் பிய்த்து எடுத்துவிட்டது.

சீடரின் பெயர் தெய்வசிகாமணி. திண்டுக்கல் டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் பிரின்ஸி. கான்வென்டில் படித்தவர். மேட்டுப்பட்டியில், தன் வீட்டு முன்னறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். மாலையில் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். காலை பத்து மணிக்கு யாரும் வருவதில்லை. அந்த நேரத்தைத்தான் சீடர் கேட்டார்.

“என்ன கத்துக்கணும் சார்?”

“ஒரு வார்த்தை மிஸ்.”

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணு போதும். லுக் ஆஃப்டர்.”

குரு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“ஏன் அந்த வார்த்தை?”

சீடர் சொன்னார். மகள் அபிராமி வெளிநாட்டில் இருக்கிறாள். முழுகாமல் இருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறக்கும்போது அவன் எந்தக் கடலில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. மற்ற வீடுகளில் பிரசவம் பார்க்க அம்மா விமானம் ஏறிப் போவாள். இந்த வீட்டில் அம்மா இல்லை. இறந்து நாளாகிவிட்டது.

“போன்ல அழுதா மிஸ். ‘அப்பா, பயமா இருக்கு, நீங்களாவது வாங்க’ன்னா.”

“விசா?”

“அடுத்த மாசம் மெட்ராஸ்ல இன்டர்வியூ. அது கெடைக்கலன்னா அவ தனியாத்தான் பெத்துக்கணும். கேள்வி பதிலெல்லாம் ஏஜென்ட் எழுதிக் குடுத்துட்டான். ஸ்டாப்பிங் மாதிரி வரிசையா மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா லுக் ஆஃப்டர்னு மட்டும் வாயத் தொறக்கக் கூடாதாம். ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லணுமாம்.”

“சொல்லக் கூடாத வார்த்தையை எதுக்குக் கத்துக்கிறீங்க?”

“அங்க ஆஸ்பத்திரியில, இந்தப் பொண்ணைப் பாத்துக்க யார் இருக்கான்னு கேப்பாங்கல்ல மிஸ்? நான் முன்னாடி போய்ச் சொல்லணும்ல?”

குரு குழந்தையின் கையிலிருந்த பழத்தோலை வாங்கித் தட்டில் வைத்தார். பிறகு, “நாளைக்கு ஒரு வாக்கியத்தோட வாங்க” என்றார்.

மறுநாள் சீடர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஐ லுக் ஆஃப்டர் மை டாட்டர். கரெக்டா மிஸ்?”

“எப்ப?”

“எப்பன்னா?”

“எப்பப் பாத்துக்கிட்டீங்க?”

“ஸ்கூல் பீஸ் கட்டினேனே மிஸ்.”

“அது பீஸ் கட்டினது.”

“சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். சிவப்புக் கலர்.”

“அது சைக்கிள் வாங்கினது.”

சீடர் யோசித்தார்.

“கடைசி டிரிப் முடிச்சு வீட்டுக்கு வர்றப்ப அவ தூங்கியிருப்பா. விடியக்காலை மொத வண்டிக்கு நான் கெளம்புறப்பவும் தூங்கிட்டிருப்பா. அவளுக்கு எல்லாமே அவங்கம்மாதான்...”

அங்கே நிறுத்தினார். குழந்தை பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தது.

“வாக்கியம் தப்பா மிஸ்?”

“வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல சார்.”

சீடர் வீட்டுக்குப் போனார். விடுகிற ஆள் இல்லை அவர். பூஜை அறையில் உட்கார்ந்து ருத்திராட்ச மாலையை எடுத்தார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு லுக் ஆஃப்டர். நாக்கு வறளும்வரை உருட்டினார். சாப்பிடும்போதும் உதடு அசைந்தது. பக்கத்து வீட்டுக்காரர், “என்ன கண்டக்டரே, புது மந்திரமா?” என்று கேட்டதற்குக்கூட, “லுக் ஆஃப்டர்” என்றுதான் பதில் வந்தது.

அடுத்த நாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்து நின்றார்.

“ஏறிடுச்சு மிஸ்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

குரு எழுந்தார். குழந்தையை நீட்டினார்.

“இவனைப் பிடிங்க.”

“ஐயையோ, எதுக்கு மிஸ்?”

“நான் குளிச்சிட்டு வர்றேன்.”

“மிஸ், நான் கைக்குழந்தையைத் தூக்கினதே இல்ல!”

“பேரு ஜோவின். எட்டு மாசம். லுக் ஆஃப்டர் ஹிம்.”

உள் கதவு சாத்திக்கொண்டது.

சீடர் ஜோவினைக் கண்டக்டர் பையைப்போலக் கக்கத்தில் இடுக்கினார். ஜோவின் அவர் முகத்தைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அடுத்த நொடி தெருவே கேட்கும்படி ஒரு கத்தல்.

“அழாதடா, டேய், அழாத! மிஸ்! ஐ லுக் ஆஃப்டர் பேபி! கரெக்டா மிஸ்?”

உள்ளேயிருந்து பதில் இல்லை. தண்ணீர் சத்தமும் இல்லை.

“பேபி இஸ் லுக் ஆஃப்டர் மீ! இல்ல, ஐ லுக் ஆஃப்டர் பேபி! கரெக்டா மிஸ்?”

கொஞ்ச நேரத்தில் குரு வெளியே வந்தார். நெற்றிப் பொட்டு அப்படியே இருந்தது. ஜடை கலையாமல் இருந்தது.

“சீக்கிரம் குளிச்சிட்டீங்களே மிஸ்” என்றார் சீடர். அவர் சட்டை நனைந்திருந்தது. தண்ணீரால் அல்ல.

“நாளைக்கும் வாங்க” என்றார் குரு.

அதன்பிறகு தினமும் அதேதான் பாடம். சீடர் வருவார். குரு குழந்தையைக் கொடுப்பார். கதவு சாத்திக்கொள்ளும். வாசல் கதவு மட்டும் தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கும்.

சீடர் கற்றுக்கொண்டார். இடது தோளில் போட்டால் ஜோவினுக்குப் பிடிக்காது, வலது தோள்தான் வேண்டும். பல் முளைக்கிறது, அதனால் சட்டைப் பொத்தானைக் கடிப்பான். சும்மா நின்றுகொண்டு ஆட்டினால் ஏமாற மாட்டான், நடக்க வேண்டும். சீடர் முன்னறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்ற கால்கள் அவை. ஒரு நாள் தன்னை மறந்து, நாக்கை மடித்து மெல்ல ஒரு விசில் அடித்தார்.

ஜோவின் அழுகையைப் பாதியில் விட்டான். கண்ணீரோடு அவர் வாயையே பார்த்தான்.

“மிஸ்! விசிலுக்கு அடங்குறான் மிஸ்! ஐ லுக் ஆஃப்டர் ஜோவின் வித் விசில்! கரெக்டா மிஸ்?”

ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அது வரும். பாக்கிச் சில்லறைக்குக் கை நீட்டுகிற பயணியைப்போல, கதவைப் பார்த்துக் காத்திருப்பார்.

இன்டர்வியூ நெருங்கியது. ஒரு காலை சீடர் வாட்டமாக வந்தார்.

“என்னால ஆகாது மிஸ். நேத்து அபிராமி சும்மா இங்கிலீஷ்ல பேசிப் பாத்தா. எனக்கு வேர்த்துடுச்சு. எங்க பரம்பரைக்கே இங்கிலீஷ் ஒட்டாது.”

“ஓடுற வண்டியை நிறுத்தணும்னா என்ன கத்துவீங்க சார்?”

“ஹோல்டான்!”

ஜோவின் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“அது என்ன பாஷை?”

“அது... கண்டக்டர் பாஷை மிஸ்.”

“இங்கிலீஷ் சார். ஹோல்டு, ஆன். லுக் ஆஃப்டரோட கூடப் பிறந்தது.”

சீடர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“அப்ப முப்பது வருஷமா நான் இங்கிலீஷா பேசினேன்?”

“ஆமா.”

“பழனி ரோடு பூரா?”

“பூரா.”

“அட!” அவருக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். “டிரைவர் அந்தோணிசாமிக்கு இப்பவே போன் போடணும் மிஸ். அவனும் முப்பது வருஷமா இங்கிலீஷைக் கேட்டு பிரேக் போட்டிருக்கான்!”

குரு சிரித்தார். ஜோவினும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

“சார், ஹோல்டான்னு கத்திட்டு, ‘கரெக்டா அண்ணே’ன்னு டிரைவர்கிட்ட கேப்பீங்களா?”

“அதெப்படி மிஸ்? கேட்டுட்டிருந்தா வண்டி அடுத்த ஸ்டாப்பிங்லதான் நிக்கும்.”

“சரி. இவனைப் பிடிங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

அன்று ஜோவின் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தான். எழுந்தும் விட்டான். சீடர் கைதட்டினார். கைதட்டிய அந்த நேரத்தில் பிடி வழுக்கி, நாற்காலி விளிம்பில் நெற்றி மோதியது. ‘டொக்’ என்று சத்தம்.

முதலில் அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போய்த் திரும்பவில்லை. சீடர் தரையில் மண்டி போட்டு அவனை அள்ளினார். பிறகு அழுகை வந்தது, வீடே அதிர்ந்தது.

“ஒண்ணுமில்லடா சாமி, ஒண்ணுமில்ல. ஐ ஆம் ஹியர். லுக், லுக், ஹியர் ஒன்லி. ஐ லுக் ஆஃப்டர் யூ. எங்கடா வலிக்குது, இங்கயா? ஐ லுக் ஆஃப்டர் யூ டா. நோ கிரை. சேர் பேட். சேரை அடிச்சிருவோம்.”

வலது தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஈரத் துணியால் நெற்றியை ஒற்றினார். மெல்ல விசில் அடித்தார். மறுபடி ஏதேதோ சொன்னார், பாதி இங்கிலீஷ், பாதி திண்டுக்கல்.

உள் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. சீடர் பார்க்கவில்லை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நிறையத் தண்ணீர்.

குரு வெளியே வந்தபோது தலையில் துண்டு சுற்றியிருந்தது. ஜோவின் சீடரின் பொத்தானைக் கடித்தபடி தூங்கிப் போயிருந்தான்.

சீடர் தலை குனிந்தார்.

“மன்னிச்சிடுங்க மிஸ். நெத்தியில இடிச்சுக்கிட்டான். என் கவனக் குறைவுதான்.”

குரு குனிந்து புடைப்பைத் தொட்டுப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார்.

“படுக்க வெச்சா எழுந்துடுவான். இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருங்க சார்” என்றார்.

அந்த வாரக் கடைசியில் சீடர் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

திரும்பி வந்த காலை, வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனிலிருந்து பையும் கையுமாக நேரே மேட்டுப்பட்டி. தெருமுனையிலேயே குரல் கேட்டுவிட்டது.

“குடுத்துட்டாங்க மிஸ்! விசா குடுத்துட்டாங்க!”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. குரு தரையில் உட்கார்ந்து ஜோவினுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க சார். மொதல்ல தண்ணி குடிங்க.”

“தண்ணியெல்லாம் அப்புறம் மிஸ். கேளுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரம்மா. நான் மொதக் கேள்விக்கு உண்டான பதிலைத் தொண்டையில தயாரா வெச்சுட்டு நிக்கிறேன். அவங்க நடு ஸ்டாப்பிங்ல ஏறிட்டாங்க!”

“ஐயோ.”

“எங்க தங்குவீங்கன்னு கேக்கிறாங்க. நான் ‘சைட் சீயிங்’ங்கிறேன். எத்தனை நாள்ங்கிறாங்க. ‘மை டாட்டர் ஹவுஸ்’ங்கிறேன். அவங்க பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க மிஸ். முடிஞ்சுதுடா சிகாமணி, வண்டியை ஷெட்டுக்கு விடுன்னு நெனச்சேன்.”

குரு கரண்டியை நிறுத்திவிட்டார். ஜோவின் கிண்ணத்தைத் தட்டினான்.

“அப்புறம்?”

“அபிராமி அனுப்பின லெட்டரைப் பாத்தாங்க. உங்க பொண்ணுக்குக் குழந்தை பிறக்கப் போகுது, நீங்க ஊர் சுத்திப் பாக்கவா போறீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்கு ஏஜென்ட் முகம் ஞாபகம் வருது. அபிராமி முகமும் ஞாபகம் வருது. ‘நோ சைட் சீயிங் மேடம், ஐ லுக் ஆஃப்டர் மை டாட்டர்’னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டீங்களா!”

“சொல்லிட்டேன். ‘யூ?’ன்னாங்க. ‘ஐ’ன்னேன். சின்ன வயசுல பொண்ணை நீங்கதான் பாத்துக்கிட்டீங்களான்னு அடுத்த கேள்வி. அது எந்தப் பேப்பர்லயும் இல்ல மிஸ்.”

“என்ன சொன்னீங்க?”

சீடர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“‘நோ மேடம். மை ஒய்ஃப் லுக் ஆஃப்டர். ஷி எக்ஸ்பயர்டு’ன்னேன். அவங்க கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டினாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, அப்ப ஒரு குழந்தையை எப்படிப் பாத்துக்குவீங்கன்னாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. அப்பத்தான் மிஸ், மடை தொறந்துச்சு!”

கூழ் கிண்ணத்தைத் தாண்டிக் கையை வீசினார்.

“‘ஜோவின், மேடம்! எய்ட் மந்த்ஸ்! ரைட் ஷோல்டர் ஒன்லி ஸ்லீப். லெஃப்ட் ஷோல்டர், பிக் ஃபைட். டீத் கமிங், மை பட்டன் ஃபினிஷ். ஒன் டே ஹி ஃபால், ஐ ஆல்சோ கிரை. ஐ வாக், ஹி ஸ்லீப். ஐ ஸ்டாப், ஹி நோ ஸ்லீப். ஐ விசில், ஹி ஸ்டாப்.’ எங்கிருந்து வருதுன்னே தெரியல மிஸ்! அந்தம்மா என்னையே பாத்துட்டிருந்தாங்க. ‘விசில்? ஷோ மீ’ன்னாங்க.”

“அங்கயா?”

“அங்கயேதான்! அடிச்சேன் ஒண்ணு. செக்யூரிட்டி ஓடி வந்துட்டான். வரிசையில நின்ன மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாக்குது. அந்தம்மா சிரிச்ச சிரிப்பு கண்ணாடியைத் தாண்டிக் கேட்டுச்சு மிஸ். பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, ‘கோ லுக் ஆஃப்டர் தெம்’னாங்க. தெம்! ரெண்டு பேரையும்!”

ஜோவின் அவர் கால் பக்கம் தவழ்ந்து வந்து பேன்ட்டைப் பிடித்து எழுந்தான். சீடர் பேச்சை நிறுத்தாமலே குனிந்து அவன் அக்குளில் கை கொடுத்தார். தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டார். கூழ் முழுக்க ரயில் சட்டையில் ஒட்டியது.

“அபிராமிக்குப் போன் போட்டேன். ‘நீங்களே வர்றீங்களாப்பா’ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. அழுதா. நானும்தான்.”

சீடர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.

“மிஸ், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“நான் யாரோ எவரோ. மூணாவது நாளே இவனைத் தூக்கி என் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போனீங்களே. பயமா இல்லையா?”

“ரொம்பப் பயமா இருந்துச்சு சார். நான் குளிக்கப் போகல. கதவுக்குப் பின்னாடி, தாழ்ப்பாள்ல கை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன்.”

சீடரின் நடை நின்றது.

“மறுநாள்?”

“அன்னைக்கும் நின்னேன்.”

“அதுக்கு மறுநாளும்?”

“ஆமா சார்.”

சீடர் முகம் வாடிப் போனது. ஜோவின் அவர் காதைப் பிடித்து இழுத்தான்.

“அப்ப நான் பாஸானது எப்ப மிஸ்? விசில் அடிச்ச அன்னைக்கா?”

“இல்ல. இவன் நெத்தியில இடிச்சுக்கிட்ட அன்னைக்கு.”

“என்ன மிஸ் இது? அன்னைக்குத்தானே நான் கோட்டை விட்டேன்!”

குரு கீழே சிந்திய கூழைத் துணியால் துடைத்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அன்னைக்கு நீங்க ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டு ‘கரெக்டா மிஸ்’னு கேக்கல சார். நான் போய்த் தலைக்குக் குளிச்சேன்.”